கீரி செய்த குற்றம்

மனிதனுக்கு வெளியே திருட்டு என்பது உண்டா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கோழி வளர்க்கிற வீட்டில் இரண்டு வருஷம் குடியிருந்து பாருங்கள், வேடிக்கை போய்விடும். அடுத்த ஊர்க்காரன் ஒருவன் இரவில் வந்து ஒரு சேவலை அமுக்கிக்கொண்டு போனால் அது திருட்டு. அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அதே சேவலை ஒரு காட்டுப்பூனை கவ்விக்கொண்டு போனால் அதை என்னவென்று சொல்வது? "பூனை தின்றுவிட்டது" என்று வாய் சொல்லுகிறது. மனசோ, "திருட்டுப் பயல் கொண்டுபோய் விட்டானே!" என்று புலம்புகிறது. திருட்டு என்றால் முதலில் உடைமை என்று ஒன்று வேண்டும். இது இன்னாருடையது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் எடுத்திருக்க வேண்டும். கோழியின் காலில் நாம் கட்டிவிடுகிற கந்தல் துணியின் அர்த்தம் பக்கத்து வீட்டுக்காரிக்குப் புரியும். பூனைக்கு எப்படிப் புரியும்?

இருந்தாலும் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயந்தானா? நியாயம் என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போன கோழிக்கும் இனி வளர்க்கப்போகிற கோழிக்கும் நாம் பட்டிருக்கும் கடன் என்ன? இவற்றைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்கவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே எனக்கு ஓர் எண்ணம்.

சூலூரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயமுத்தூரிலிருந்து திருச்சி ரோட்டில் கிழக்கே போனால் இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிற ஊர். நொய்யல் தண்ணீரை வாங்கி நிற்கும் பெரிய குளமும் சின்னக் குளமும் உண்டு. விமானப்படைத் தளமும் உண்டு. தலைக்கு மேலே விமானம் இரைந்துகொண்டு போகும்போது எங்கள் கோழிக்குஞ்சுகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பருந்தின் நிழல் வாசலில் ஓடினால் போதும், எல்லாம் தாயின் இறக்கைக்கு அடியில் மறைந்துவிடும். எதற்கு அஞ்சவேண்டும் என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே ரோட்டில் இன்னும் கிழக்கே போனால் பல்லடம். பல்லடத்தையும் உடுமலைப்பேட்டையையும் சுற்றி நீளம் நீளமாகக் கறிக்கோழிப் பண்ணைக் கொட்டகைகள். ஒரு கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள், ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை, அப்புறம் லாரி. அங்கே செத்த கோழியை எண்ணிப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அதற்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. விட்டால் பண்ணை நடக்காது. நான் சொல்ல வந்தது அந்தக் கோழிகளைப் பற்றி அல்ல. பொடக்காலிக் கோழிகளைப் பற்றி.

புழக்கடையை எங்கள் பக்கத்தில் பொடக்காலி என்போம். பாத்திரம் கழுவுகிற கல், கறிவேப்பிலை மரம், முருங்கை, ஒரு மூலையில் விறகு அடுக்கு, இன்னொரு மூலையில் கோழிக் கூண்டு. எட்டோ பத்தோ கோழிகள். அவற்றுக்குப் பெயரும் உண்டு: கருவாச்சி, புள்ளிக்காரி, மொட்டைக் கழுத்தி. பருத்தி விற்ற பணம் வீட்டு ஆண்பிள்ளையின் கைக்குப் போகும். பால் பணம் சொசைட்டிக் கணக்கில் கடனோடு கழிந்துவிடும். கோழிக் காசு ஒன்றுதான் பெண்பிள்ளையின் முந்தானையில் முடிகிற காசு. பேரனுக்கு நோட்டுப் புத்தகம், நோம்பிக்கு வளையல், பேறுகாலத்துக்கு வந்த மகளுக்குக் கோழிச் சாறு எல்லாம் அந்த முடிச்சிலிருந்துதான் வரும். ஆகவே ஒரு கோழி போயிற்றென்றால் ஒரு பறவை மட்டும் போவதில்லை. யாரிடமும் கை நீட்டாமல் செலவழிக்கிற சுதந்திரத்தில் ஒரு துண்டு போய்விடுகிறது.

எங்கள் வீதிக் கடைசியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். கணவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் விசைத்தறி ஓட்டுகிறவன். சென்ற கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலை கூண்டைத் திறந்தபோது, உள்ளே அடைந்திருந்த பதினொரு கோழிகளும் செத்துக் கிடந்தன. கதவு போட்டது போட்டபடி இருந்தது. கூரையில் மட்டும் ஓர் ஓடு விலகியிருந்தது. பதினொன்றில் ஒரு கோழியின் மார்பும் தொடையும் தின்னப்பட்டிருந்தன. மற்றப் பத்தும் முழுசாக இருந்தன. கழுத்தில் மட்டும் பல் பதிந்த தடம். பன்னிரண்டாவதான கருவாச்சி பிழைத்துக்கொண்டாள். அவள் என்றைக்குமே கூண்டுக்குள் அடங்காதவள். பொழுது சாய்ந்தால் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்வாள்.

பெரியம்மா அழவில்லை. செத்த கோழிகளை வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "ஏனுங்க தம்பி, பசிக்கு ஒண்ணத் தின்னுட்டுப் போயிருந்தா மனசு ஆறிப்போகுமுங்க. வயித்துக்குத் தானேன்னு விட்டுரலாம். மீதி பத்து எதுக்குங்க?"

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பசிக்காகச் செய்த கொலையை நாம் மன்னித்துவிடுகிறோம். நாமே அதைச் செய்கிறவர்கள் அல்லவா? பசி இல்லாமல் செய்த கொலையைத்தான் மன்னிக்க முடிவதில்லை. அதில் வன்மம் இருப்பதாக, ஏன், ஒரு களிப்பே இருப்பதாக நமக்குப் படுகிறது. கொலைகாரன் என்ற சொல்லைப் பிராணிக்குச் சூட்ட நம் மனசு துணிவது அந்த இடத்தில்தான்.

ஆனால் இது நம் பொடக்காலியில் மட்டும் நடக்கிற சமாசாரம் அல்ல. ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியல் அறிஞர் இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் நீர்ப்பறவைகள் கூட்டமாகத் தங்கியிருக்கும். நிலவில்லாத கும்மிருட்டில் நரி வந்தால் அந்தப் பறவைகள் எழுந்து பறப்பதில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்கும். அத்தகைய இரவுகளில் நரி ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுகொண்டே போகும். தின்பதோ மிகக் கொஞ்சம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் கழுதைப்புலிகளும் இருண்ட புயல் இரவில் மான் கூட்டத்தில் இப்படியே செய்ததை அவர் எழுதியிருக்கிறார். காரணம் என்ன? வேட்டை மிருகத்தின் உடம்பில் தேடுதல், பாய்தல், கவ்வுதல் எல்லாம் வயிறு நிறைந்தவுடன் ஒரேயடியாக நின்றுபோகிற காரியங்கள் அல்ல. கண் எதிரில் இரை துடித்துக்கொண்டிருக்கும்வரை கை ஓயாது. மற்ற நாட்களில் அதை நிறுத்துவது எது? இரையின் ஓட்டந்தான். ஒன்று பிடிபட்டவுடன் மீதியெல்லாம் சிதறி ஓடிவிடும். ஆகவே ஒரு கொலையோடு வேட்டை முடிந்துவிடும். மிருகத்துக்குள் கருணை இருந்து நிறுத்துவதில்லை. இரையின் காலும் இறகும் நிறுத்துகின்றன.

இப்போது கூண்டை நினைத்துப் பாருங்கள். இருட்டு, இருட்டில் கண் தெரியாத பறவைகள், நாலு பக்கமும் சுவர், தாழ்ப்பாள் போட்ட கதவு. உள்ளே வந்தவனுக்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. மற்றப் பத்தும் செத்ததற்குக் காரணம் வந்தவனுடைய குரூரம் அல்ல, ஓட வழியில்லாமை. முருங்கையில் அடைந்த கருவாச்சி பிழைத்ததைப் பார்த்து, கூண்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அப்படியும் சொல்ல முடியாது. மரத்தில் அடைகிற கோழியை ஆந்தையும் காட்டுப்பூனையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோகும். வெளியே விட்டால் தினம் ஒன்று போகும். உள்ளே அடைத்து ஓட்டை விட்டால் ஒரே நாளில் எல்லாம் போகும். அரைகுறைக் காவல் காவலே இல்லாததைவிட ஆபத்தானது. காப்பதாக நினைத்து நாம் செய்யும் முதல் காரியம், அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழியை அடைப்பது. அடைத்த பிறகு மீதிக் காவலும் நம் தலையில் விழுந்துவிடுகிறது.

இதை நான் திண்ணையில் சொல்லவில்லை. பதினொரு கோழி செத்த காலையில் எந்த அறிஞரின் பெயரும் எடுபடாது. அதற்குள் பெரியம்மாவின் மகன் வந்துவிட்டான், கண் சிவந்திருந்தது.

"விடக் கூடாதுங்கண்ணா. அந்தக் கீரிப்புள்ளயத் தெனமும் பாக்கறேன், வேலியோரமே சுத்தீட்டு இருக்குது. செத்ததுல ஒண்ணுல பூச்சி மருந்தத் தடவி வேலிக்கிட்டப் போட்டாப் போதும். நாளைக்குக் கணக்கு முடிஞ்சுரும்."

கீரியை அவன் தினமும் பார்த்தது வாஸ்தவந்தான். அதில்தான் விஷயமே இருக்கிறது. நம் பக்கத்துச் சாம்பல் கீரி பகலில் நடமாடுகிற பிராணி. ஆகையால்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. முட்டையைக் குடிக்கும், குஞ்சைத் தூக்கும், சமயத்தில் பெட்டைக் கோழியையும் அடிக்கும். ஆனால் அது வெயிலில் தொழில் செய்கிறவன். இரவில் வளைக்குள் படுத்துவிடும். இருட்டில் ஓட்டை விலக்கிக்கொண்டு கூரை வழியாக இறங்குவது பெரும்பாலும் மரநாயின் வேலை. அல்லது பூனைச் சாதியில் ஒன்று. மரநாயை யாரும் பார்ப்பதில்லை. பழத்தையும் எலியையும் தேடி மரத்துக்கு மரம் போய்விட்டு, விடிவதற்குள் எங்காவது பொந்திலோ பரணிலோ சுருண்டுகொள்ளும். குற்றம் செய்தவன் கண்ணில் படாதவன். தண்டனை கண்ணில் பட்டவனுக்கு. இது மனிதர்களிடையிலும் நடக்கிறதுதானே!

கீரிக்கு இந்த அநியாயம் புதிதும் அல்ல. குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்துவிட்டு இரத்தம் தோய்ந்த வாயோடு வாசலில் வந்து நின்ற கீரியை, குழந்தையைக் கொன்றுவிட்டது என்று எண்ணித் தாயே கொன்றுவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் அந்தப் பார்ப்பனி வருகிறாள். அவளுடைய பாவம் தீரக் கோவலன் தானம் செய்து, பிரிந்துபோன கணவனோடு அவளைச் சேர்த்து வைக்கிறான். விசாரிக்காமல் கீரியைக் கொன்ற ஒருத்திக்காக இரங்கிய அதே கோவலன், பின்னால் விசாரிக்காத ஓர் அரசன் கையில் உயிர் விடுகிறான். இளங்கோவடிகள் எதை நினைத்து இதை அங்கே வைத்தாரோ, எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் நெஞ்சு ஒரு கணம் நின்று போகும்.

சரி, உண்மையான குற்றவாளி மரநாய் என்றே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது விஷம் வைக்கலாமா? சட்டம் வேண்டாம் என்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரி, மரநாய், காட்டுப்பூனை எவற்றையும் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். ஆனால் சட்டம் பொடக்காலிக்குள் எட்டிப் பார்ப்பது அபூர்வம். அதனால் சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் காரியத்தை மட்டும் பார்ப்போம். விஷத்துக்கு முகவரி தெரியாது. தடவிய கோழியை மரநாய்தான் தின்னவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீதி நாய் தின்னும், காக்கை கொத்தும், மயில் அதன் பக்கத்தில் சிந்தியதைப் பொறுக்கும். செத்த காக்கையை வேறொன்று தின்னும். நாம் ஒரு கணக்கை முடிக்கப் போய், எத்தனை கணக்குகளைத் திறந்து வைத்தோம் என்பது நமக்கே தெரியாமல் போகும்.

அதோடு இன்னொன்று. எங்கள் பக்கத்துக் காடு தோட்டங்களைச் சுற்றி ஒரு காலத்தில் கிளுவை வேலி இருந்தது. உயிர்வேலி. அதற்குள் கௌதாரி இருக்கும், ஓணான் இருக்கும், கீரி இருக்கும், எலி வளையும் இருக்கும். கீரிக்கு வேண்டியது பெரும்பாலும் வேலிக்குள்ளேயே கிடைத்துவிடும். இப்போது தோட்டங்கள் சைட்டுகளாகிவிட்டன. கிளுவையைப் பிடுங்கிக் கல்லும் கம்பியும் நட்டாயிற்று. இருக்கிற இடத்தைப் பிடுங்கிவிட்டு, வந்து நிற்கிற இடத்தில் திருடன் என்கிறோம். இதனால் பெரியம்மாவின் கோழி திரும்பி வராது என்பது உண்மை. ஆனால் வழக்கில் எதிர்த்தரப்புக்கும் ஒரு வக்காலத்து இருக்கிறது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

கீரியைப் பற்றி நம்முடைய நினைப்பே ஒரு தினுசானது. பாம்பைக் கொன்றால் அது கீரிப்பிள்ளை. தென்னம்பிள்ளை, அணிற்பிள்ளை மாதிரி செல்லப் பெயர். குஞ்சைத் தூக்கினால் கொள்ளைக்காரன். அதே பல், அதே பாய்ச்சல். 1872-இல் ஜமெய்க்கா தீவில் ஒரு கரும்புத் தோட்ட முதலாளி, எலித் தொல்லை தாங்காமல், கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைத் தருவித்து விட்டார். எலி குறைந்தவரை எல்லாரும் புகழ்ந்தார்கள். கீரி பெருகிற்று, கோழிகளையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் தின்ன ஆரம்பித்தது. பிறகு அதற்குப் பெயர் பீடை. எலியைத் தின், கோழியைத் தின்னாதே என்று அதனிடம் யாரும் ஒப்பந்தம் எழுதி வாங்கவில்லை. நமக்கு வேலை செய்யும்போது தர்மவான் என்றும், தனக்கு வேலை செய்யும்போது பாவி என்றும் அழைப்பது நம் வழக்கமாகிவிட்டது. செம்பருந்தைக் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், அதுவே தாழப் பறந்து குஞ்சுப் பக்கம் வந்தால் கல்லைத் தேடுகிறார்கள்.

மகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்: "வேண்டாஞ் சாமி. அது மருந்தத் தின்னுபோட்டு நம்ம கண்ணு முன்னால சாகாது. எங்கயோ போய் இழுத்துக்கிட்டுக் கெடக்கும். அதுக்குக் குட்டி இருக்குதோ என்னமோ. கோழி செத்த கணக்கு எனக்குத் தெரியுது, பதினொண்ணு. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரியாத கணக்க நான் தலையில ஏத்திக்க மாட்டேன்."

மகன் முணுமுணுத்தான், ஆனால் மருந்து வைக்கவில்லை.

இந்த இடத்தில் சிபிச் சக்கரவர்த்தி ஞாபகம் வருகிறார். வல்லூறுக்கு அஞ்சி மடியில் விழுந்த புறாவை அவர் காத்தார். வல்லூறு நியாயம் கேட்டது: நீ அடைக்கலம் கொடுத்தது என் உணவுக்கு, அதைத் தடுத்தால் பட்டினியால் சாகப்போவது நான் அல்லவா? அரசரிடம் வில் இருந்தது. ஓர் அம்பு போதும். அவர் எய்யவில்லை, தராசைக் கொண்டுவரச் சொல்லித் தம் சதையை அறுத்து வைத்தார். சோழர்கள் தங்களை அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டார்கள். இந்தக் கதையில் எல்லாரும் தியாகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு அதற்கு முந்திய ஒரு நொடி பெரிதாகத் தோன்றுகிறது. வேட்டையாடுகிறவனும் ஒரு கட்சிக்காரன், அவனுக்கும் சொல்ல ஒரு வார்த்தை உண்டு என்று அரசர் செவி கொடுத்த நொடி.

ஆனால் நாம் சிபி அல்ல. சதையை அறுத்துக் கொடுக்கப் போவதில்லை. அதுமட்டுமா? சிபி புறாவைக் காத்துவிட்டு மறுநாள் அதைக் குழம்பு வைக்கவில்லை! நாம் வைப்போம். கோழியைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்து, மரநாய் கொன்றால் நெஞ்சு பதறி, நோம்பிக்கு நாமே அறுக்கிறோம். "உனக்கு முந்திக்கொண்டான் என்பதுதானே உன் வருத்தம்?" என்று ஒரு சைவ நண்பர் என்னைக் கேட்டார். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் பிறந்த நாட்டில் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

யோசித்துப் பார்த்தேன். வெறும் முந்திக்கொண்ட வருத்தமாக இருந்தால் பணத்தோடு அது தீர்ந்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு வெடைக்கோழி கொடுக்க முன்வந்தார்கள். பெரியம்மா அப்போது வாங்கிக்கொள்ளவில்லை. நஷ்டம் வேறு, துக்கம் வேறு. கோழியை வளர்க்கிறவள் அதனோடு வாய் திறவாமல் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறாள். பகலெல்லாம் நீ உன் இஷ்டப்படி சீய்த்துத் தின்; மழைக்கும் இருட்டுக்கும் நான் இடம் தருகிறேன்; உன் முட்டை எனக்கு; என்றைக்கோ ஒருநாள் உன் உயிரும் எனக்கு; ஆனால் அதுவரை நீ பயந்து சாகவேண்டியதில்லை. இந்த ஏற்பாடு கோழிக்குத் தெரியாது, கையெழுத்தும் போடவில்லை என்று நண்பர் சொல்லலாம். சரிதான். அதனாலேயே இதைக் காப்பாற்ற வேண்டிய பாரம் முழுவதும் ஒரு பக்கத்திலேயே விழுகிறது. கோழியை அறுப்பது தர்மமா என்ற கேள்விக்கு நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது பெரிய வழக்கு. ஆனால் அறுக்கிறவனுக்கும் சொல்லாத வாக்கு ஒன்று உண்டு. பதினொரு கோழிகள் இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் முறைக்குக் காத்திருந்து செத்தன என்பதுதான் அந்த வாக்கு உடைந்த இடம். பெரியம்மாவின் துக்கம் அதைப் பற்றியது.

இங்கே இன்னொரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் ஒரு வீதிக் கோழி முழுவதையும் வழித்துக்கொண்டு போய்விடும். ராணிக்கெட் நோய் என்று சொல்வதும் அதைத்தான். அப்போது நாம் தலையில் கை வைத்து உட்காருகிறோமே தவிர, பல்லைக் கடித்துக்கொண்டு தடி எடுப்பதில்லை. ஏனென்றால் கிருமிக்கு முகம் இல்லை. முகம் இருக்கிற இடத்தில்தான் நமக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்துவிட்டால் காரியம் ஏதோ நடந்துகொண்டிருப்பதாக ஒரு திருப்தியும் வந்துவிடுகிறது. கீரியைத் துரத்திக்கொண்டு அரைநாள் ஓடுகிறவன், கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டுவர அரைமணி நேரம் ஒதுக்குவதில்லை. கோபத்தைக் காவல் என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. கோபம் ஓர் இரவு விழித்திருக்கும். காவல் எல்லா இரவும் விழித்திருக்க வேண்டும்.

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டு ஒன்று உண்டு, 139-ஆவது. மாலை நேரத்தில் வேலிப் பக்கம் வெருகு வந்துவிட, வீட்டுக் கோழி ஒன்று எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் தன் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கிறதை உவமையாகச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மையார். வேறு எதற்கோ சொன்ன உவமைதான். ஆனாலும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருத்தி பொடக்காலி வாசலில் நின்று இதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள் என்பதில் சந்தேகமில்லை. அவள் வெருகைத் திட்டவில்லை. கோழிக்குப் புகுந்துகொள்ள இடம் இல்லையே என்பதைத்தான் கவனித்தாள். அது கவிதையாக இருக்கட்டும். வீட்டுக் காரியத்துக்கும் அதைவிட நல்ல யோசனை கிடையாது.

ஆகவே புகுமிடம் எப்படி இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தர்மம் பேசிவிட்டுத் தாழ்ப்பாளைப் பேசாமல் போவது நியாயம் அல்ல. அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். பகையை வெளியே வைத்திருக்காது. நாய் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும். கீரிக்குட்டியும் பெருச்சாளியும் நுழைகிற சந்து நாம் நினைப்பதைவிடச் சிறியது. சுவரோடு நிற்காமல், கூண்டைச் சுற்றித் தரையின்மேல் ஓர் அடி அகலத்துக்கு வலையைப் படுக்க வைத்து மண்ணைத் தள்ளிவிட வேண்டும். தோண்டுகிறவன் சுவரோரந்தான் தோண்டுவான், அங்கே கம்பி தட்டுப்படும். இல்லாவிட்டால் கூண்டைக் கல்லுக்கால் மேல் தூக்கிக் கட்டலாம். ஓட்டுக்கு அடியிலும் வலை வேண்டும். எதிரி கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. கதவுக்கு இரண்டு கொக்கி. குஞ்சுகளைக் கொடாப்பு போட்டுக் கவிழ்த்தால் மேலே ஒரு கல் பாரம்.

பகலில் வருகிற பருந்துக்கும் வல்லூறுக்கும் மேலே கூரை போட முடியாது. அதற்குப் புதரும் மரமும் வேண்டும். முருங்கை, கறிவேப்பிலை, நாலு செம்பருத்திச் செடி இருந்தால் குஞ்சு ஓடி ஒளிய இடம் ஆயிற்று. சுத்தம் என்று சொல்லி வாசலை வழுவழுவென்று சிமெண்டு பூசிவிட்டு, பருந்து தூக்கிவிட்டது என்று அழுவதில் பிரயோசனம் இல்லை. இரண்டு கினிக்கோழி வளர்த்தால் அந்நியம் எது வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். அதன் கூச்சலைச் சகித்துக்கொள்ளும் அயலார் மட்டும் வேண்டும். தீனி மிச்சத்தை இரவில் போட்டு வைத்தால் எலி வரும். எலியைத் தேடி மற்றவை வரும். கிராமத்துப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுத்த அரசாங்கத் திட்டங்களிலேகூட, குஞ்சு மட்டும் போதாது என்று இரவுக் கூண்டுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினார்கள். பயனுள்ள புத்தி அது.

இத்தனையும் செய்தால் இனி ஒரு கோழியும் போகாதா? போகும். அப்படிப் போகாத காவல் ஒன்று உண்டு. அதுதான் பல்லடத்துக் கொட்டகை. அங்கே பருந்து நுழையாது, கீரி நுழைவது அபூர்வம். வெயிலும் மண்ணும் புழுவும்கூட நுழைவதில்லை. கோழி கோழியாக இருப்பதற்கு மேயவேண்டும். மேய்கிற கோழிக்கு மேலே ஆகாயம் இருக்கும். ஆகாயத்தில் பருந்து இருக்கும். பகலின் அபாயத்தை ஒப்புக்கொண்டு இரவின் அபாயத்தை அடைத்துவிடுவது, இதுதான் நம்மால் முடிந்த நேர்மையான பேரம் என்று எனக்குத் தோன்றுகிறது. பருந்தோடு குஞ்சுக்கு ஓட்டப் பந்தயம் உண்டு. ஒன்று போனாலும் ஒன்பது தப்பும். பூட்டிய கூண்டுக்குள் பந்தயமே கிடையாது. ஆகவே நாம் பொறுப்பாளியாக வேண்டிய இடம் நாம் பூட்டுகிற இடம்.

பெரியம்மா இனிமேல் கோழியே வேண்டாம் என்றுதான் இரண்டு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார். இனி வளர்க்காமல் இருப்பதும் ஒரு தர்மந்தான். காக்க முடியாதவன் அடைக்கலம் கொடுக்கக் கூடாது. ஆனால் தைப் பொங்கல் கழிந்து கருவாச்சி அடை கொள்ள ஆரம்பித்தாள். பெண்ணுக்குப் பெண் மனசு இரங்காதா? அக்கம்பக்கத்தில் முட்டை வாங்கிப் பதினொன்று அடை வைத்தார். அதற்குள் மகன், மருந்துக்கு ஆகவேண்டிய காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுக் கம்பி வலை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கூண்டை மேலும் கீழும் தைத்தான். அவன் கோபம் அப்படித்தான் ஆறிற்று. இருபத்தொரு நாளில் எட்டுக் குஞ்சு பொரிந்தது.

மாலையில் அந்தப் பக்கம் போகும்போது பார்க்கிறேன். பெரியம்மா கூண்டு வாசலில் குனிந்து நின்று, உள்ளே போகிற ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணுகிறார். "ஒருநாள் பருந்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"எட்டு இருந்தா எட்டு எண்ணுவேன், ஏழு இருந்தா ஏழு எண்ணுவேனுங்க தம்பி. எண்ணாம மட்டும் கதவச் சாத்தமாட்டேன்" என்றார்.